பள்ளிக் கணினி ஆய்வகத்தை மாணவர் குழு கவனித்துக்கொள்வது: எதை ஒப்படைக்கலாம், எதைத் தொடவிடக் கூடாது?

ஆய்வகம்_20 கேட்டது:

வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. ஆய்வகத்தில் 20 டெஸ்க்டாப், அலுவலகத்தில் 3, வகுப்பறைகளில் 4 புரொஜெக்டர், லேசர் பிரிண்டர் 2. கணினிக்கு ஆசிரியர் ஒருவர்தான். வாரத்துக்கு 28 பீரியட் போக மிச்ச நேரத்தில் இவ்வளவையும் பார்க்க வேண்டும். "டிஸ்ப்ளே வரல", "நெட் வரல", "பிரிண்ட் பாதியில நிக்குது" என்று பாடம் நடக்கும்போதே ஆள் வந்து நிற்கிறது. போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் கேபிள் கழன்ற கதைதான். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் வந்து சேர ஒரு வாரம்.

8, 9, 11ஆம் வகுப்புகளிலிருந்து 12 பேரைச் சேர்த்து ஒரு குழு அமைக்கலாம் என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். 10க்கும் 12க்கும் பொதுத்தேர்வு இருப்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. தெரிய வேண்டியவை: எந்த வேலை வரை பிள்ளைகளிடம் விடலாம்? முதல் மாதம் என்ன சொல்லிக் கொடுப்பது? கருவிகளுக்கு எவ்வளவு ஆகும்? கரண்ட் விஷயத்தில் பெற்றோர் கேட்டால் என்ன உறுதி கொடுக்க முடியும்?

ஸ்குரூடிரைவர்_எண்2 பதில்:

மேடம், கடைசிக் கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். குழுவை அறிவிக்கும் முன்பே எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஆய்வகத்தின் எர்த்தைச் சோதியுங்கள். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 2, 3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதைவிட நிறையக் காட்டினால் எர்த் குழியைச் சரி செய்த பிறகுதான் மற்ற பேச்சு.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பள்ளிகளில் ஆய்வகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். வெறுங்கால், துடைத்து ஈரம் காயாத தரை. சிபியுவுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவுதான். "தொட்டா சுர்ருங்குது" என்று பிள்ளைகள் சொல்வது இதுதான். ஆனால் வேறு ஏதாவது ஒயர் உரசி உண்மையான கசிவு வந்துவிட்டால், அதே எர்த் இல்லாத பெட்டி உயிரை வாங்கும். ஆகவே "சுர்" என்று ஒரு பிள்ளை சொன்னாலே அந்த வரிசை முழுக்க அணைக்க வேண்டும். மேசைகளுக்கு முன்னால் ரப்பர் மேட் போடுங்கள். குழுவில் இருப்பவர்கள் காய்ந்த ரப்பர் செருப்போடு உள்ளே வரலாம் என்று விதியையே மாற்றுங்கள்.

தொடவே கூடாதவை மூன்று: எஸ்எம்பிஎஸ் பெட்டியின் உட்புறம், யுபிஎஸ், சுவர் சுவிட்ச் போர்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். ஆய்வகத்துக்கு 5 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் இருந்தால் அதன் பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 12 வோல்ட்தானே என்று நினைத்துவிடக் கூடாது. 15, 20 பேட்டரியைத் தொடராகக் கோத்திருப்பார்கள். மொத்தம் 180 முதல் 240 வோல்ட் டிசி. மெயினை அணைத்தாலும் அது அணையாது. அந்த அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றும் போக மற்றவற்றில் பிள்ளைகளை நம்பலாம். முதல் மாதம் ரிப்பேர் எதுவும் சொல்லித் தராதீர்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க மட்டும் சொல்லிக் கொடுங்கள். "டிஸ்ப்ளே வரல" என்றால் முதலில் மானிட்டர் விளக்கு எரிகிறதா, என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். விளக்கே இல்லையென்றால் பவர் கேபிள். ஆரஞ்சாக இருந்தாலோ மினுக்கினாலோ மானிட்டர் நல்லதுதான், சிக்னல் வரவில்லை என்று பொருள். அடுத்து நம்லாக் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். கீபோர்டில் விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உள்ளே ஓடுகிறது, கோளாறு கேபிளில். மாறாவிட்டால் சிபியு பக்கம் போகலாம். திரை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால் விஜிஏ கேபிளில் ஒரு ஊசி வளைந்திருக்கும். அவசரமாகச் செருகுவதால் வருவது அது.

சிபியு பக்கம் என்றால் முக்கால்வாசி ராம்தான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் தேய்த்துத் தூளை ஊதாமல் பிரஷால் தட்டி, இரண்டு பக்கக் கொக்கியும் "டிக்" என்று விழும்வரை அழுத்த வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் ஒட்டும். மை அழிக்கும் கரடுமுரடு ரப்பர் கூடாது, பூச்சைச் சுரண்டிவிடும்.

இன்னொன்று பலரையும் ஏமாற்றும். நெட் இருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வரும். மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.7க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். விலை 50 ரூபாய்க்குள். கோடை விடுமுறை முடிந்து திறக்கும் ஜூன் மாதத்தில் இது வரிசையாக வரும், பத்து பேட்டரி முன்பே வாங்கி வையுங்கள்.

கிரிம்பிங்_மேசை பதில்:

நெட்வொர்க் பகுதியை நான் சேர்க்கிறேன். மின்சார ஆபத்து கிட்டத்தட்ட இல்லாததும், கை வேலை பிடித்த பிள்ளைகள் முழுதாகப் பொறுப்பேற்கக் கூடியதும் இதுதான்.

நெட்வொர்க் கேபிளுக்கு ஆர்ஜே45 முனை போட டி568பி என்ற ஒயர் வரிசை ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள், இரண்டையும் சொல்லிக் குழப்ப வேண்டாம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. கொக்கி கீழே இருக்க, ஒயர் நுழையும் பக்கம் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலம். எல்லோரும் தவறுவது நாலாவதும் ஆறாவதும்தான். பச்சை ஜோடியைச் சேர்த்தே வைத்துவிடுவார்கள். எல்லா ஒயரும் டெஸ்டரில் 1 முதல் 8 வரை எரியும், நெட் மட்டும் தட்டுத் தடுமாறும். டெஸ்டர் தொடர்ச்சியைத்தான் பார்க்கிறது, எந்த ஒயர் எதோடு முறுக்கப்பட்டது என்று அதற்குத் தெரியாது. முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெளி உறை முனைக்குள் நுழைந்து அந்தப் பிளாஸ்டிக் நாக்கு அதைக் கவ்வியிருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் பெருக்குபவர் துடைப்பம் பட்டதுமே கழன்றுவிடும். ஒரு பிள்ளைக்குப் பழக 10 முனை செலவாகும் என்று கணக்கு வையுங்கள்.

"நெட் வரல" என்றால் ஐபி முகவரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் பாருங்கள். முகவரி சரியாக இருந்தால் முதலில் ரவுட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையில். ரவுட்டரோடு நின்றுவிட்டால் வெளி இணைப்பே போய்விட்டது. அப்போதுதான் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட வேண்டும். இந்த மூன்று படியை ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தால் நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவர் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லி முடிக்க முடியாது.

ஆய்வகமே ஒட்டுமொத்தமாகச் செத்து, சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்தால் அது லூப். தரையில் கிடக்கும் கேபிளைப் பார்த்து, கழன்றுவிட்டது என்று நினைத்து யாரோ நல்லெண்ணத்தில் அதன் இரண்டாவது முனையையும் அதே சுவிட்சில் செருகியிருப்பார்கள். சாதாரண 24 போர்ட் சுவிட்சுக்கு இதைத் தடுக்கத் தெரியாது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது படபடப்பு நிற்கிறதோ அதுதான். இது வராமல் இருக்க ஒரே வழி, இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுவது. வெறும் காகிதம் சென்னை, கடலூர் பக்கக் காற்றில் ஊறி விழுந்துவிடும், மேலே செலோ டேப் சுற்றுங்கள். குழுவுக்கு முதல் வாரக் கைவேலையே இதுவாக இருக்கட்டும். 20 கணினிக்கும் எண் ஒட்டி முடிக்கும்போது ஆய்வகத்தின் வரைபடம் பிள்ளைகள் தலையில் ஏறிவிடும்.

கருவிச் செலவு, சுமாராக: கிரிம்பிங் டூல் 400, டெஸ்டர் 200, மல்டிமீட்டர் 400, பிலிப்ஸ் ஸ்குரூடிரைவர் செட் 250, 100 முனை 700, பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டேப் எல்லாம் சேர்த்து 400. புளோயர் 1,200 வரை ஆகும். நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும். புளோயரை ஆய்வகத்துக்குள் அடிக்காதீர்கள், வராந்தாவுக்குக் கொண்டுவந்து, முகக்கவசம் போட்டு, சிபியு ஃபேனைப் பேனாவால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போகும்.

பதிவேடு பதில்:

மேலே இருவரும் சொன்னது கைவேலை. குழு இரண்டாவது வருடம் நிற்குமா என்பதை நோட்டுதான் தீர்மானிக்கும்.

நீளமான 200 பக்க நோட்டு ஒன்று. தேதி, கணினி எண், சொன்னவர் யார், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தது என்ன, செய்தது என்ன, முடிந்ததா, கையெழுத்து. "பார்த்தது என்ன" என்ற பத்தியை யாரும் நிரப்ப மாட்டார்கள். நிரப்பாமல் மூடவிடாதீர்கள். "சரி செய்தேன்" என்று எழுதினால் அடுத்தவருக்கு அது எதற்கும் உதவாது. "14ஆம் எண், ராம் 2ஆம் ஸ்லாட்டில் வேலை செய்யவில்லை, 1இல் வேலை செய்கிறது" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து அந்த மதர்போர்டு போகும்போது காரணம் தெரியும். அதே எண்ணுக்கு மூன்று முறை ஒரே புகார் வந்தால் அது பிள்ளைகள் வேலை இல்லை, வெளியே கொடுக்க வேண்டியது.

அடுத்தது பாஸ்வேர்டு. ஆசிரியர்கள் அவசரத்தில் "தம்பி, எமிஸ் திறந்து அட்டெண்டன்ஸ் போட்டுடுப்பா" என்று பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவார்கள், ஓடிபிக்குப் போனையே கையில் கொடுத்துவிடுவார்கள். எமிஸ் என்ற அந்தப் பள்ளிக் கல்வித் துறைத் தளத்தின் கணக்கில் பிள்ளைகளின் முகவரி, சாதிச் சான்று, ஆதார், பெற்றோர் கைபேசி எண் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு ஒரு பதிவு மாறியிருந்தால் முதலில் சந்தேகம் விழுவது அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை மேல். விதி இதுதான்: உள்நுழைந்த திரையைக் குழு தொடாது. ஆசிரியர் வெளியேறி எழுந்த பிறகே பிள்ளை உட்காரும். அலுவலகக் கணினியில் வேலை என்றால் இரண்டு பேராகப் போக வேண்டும், அலுவலர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இதைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு சுற்றறிக்கையாக ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். பிள்ளை வாயால் ஆசிரியரிடம் "முடியாது சார்" என்று சொல்லவைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் மனத்தில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். கணக்குப் பீரியடில் இருக்கும் பிள்ளையைப் பிரிண்டர் பேப்பர் எடுக்கக் கூப்பிடும் வழக்கம் இரண்டே மாதத்தில் வந்துவிடும். மதிய இடைவேளையில் 20 நிமிடம், மாலை மணியடித்த பின் 30 நிமிடம், வாரம் இரண்டு முறைக்கு மேல் ஒரு பிள்ளைக்கு முறை வரக் கூடாது. பாடவேளையில் எந்தக் கோளாறு வந்தாலும் நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கட்டும். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் அவர்கள், சம்பளம் இல்லாத ஆட்கள் அல்லர்.

வானவில்_டு_யூனிகோட் பதில்:

யாரும் சொல்லாத ஒன்று. ஆசிரியர் அறையிலிருந்து வரும் புகாரில் பெரிய பங்கு "ஃபைல் கெட்டுப்போச்சு" என்பதாக இருக்கும். ஃபைல் கெட்டிருக்காது. வீட்டில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து, அந்த எழுத்துரு இல்லாத பள்ளிக் கணினியில் திறந்திருப்பார்கள். பாமினி என்றால் பார்த்ததுமே தெரியும்: ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளியாக இறைந்து கிடக்கும், ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் அரைப்புள்ளி. பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை திரையைப் பார்த்ததுமே "பாமினி டீச்சர்" என்பார்கள்.

உடனடி மருந்து அந்த எழுத்துருவை நிறுவுவது. நிரந்தர மருந்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை படித்தே ஆக வேண்டும். ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் கன்வர்ட்டர் அவற்றையும் தமிழாக்கி உளறலாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஆசிரியர் கொண்டுவருவது பெரும்பாலும் வினாத்தாளாகத்தான் இருக்கும். அதைப் பிள்ளை திறக்கவே கூடாது. பழைய சுற்றறிக்கை ஒன்றை வைத்து, மாற்றும் முறையைப் பிள்ளைகள் ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். வினாத்தாளை ஆசிரியரே மாற்றிக்கொள்ளட்டும்.

ஆய்வகம்_20:

எல்லோருக்கும் நன்றி. செருப்பு விதியைப் பற்றி யோசித்ததே இல்லை, திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன். இன்னும் மூன்று கேள்வி. 20இல் 8 கணினி விண்டோஸ் 10, நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். இவற்றை என்ன செய்வது? அரசு வழங்கியவற்றையும் குழு திறக்கலாமா? பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்குரூடிரைவர்_எண்2:

திறக்கலாமா என்பதற்குச் சுருக்கமாக: வாரன்டியோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ள எதையும் திறக்கக் கூடாது. ஸ்டிக்கர் சீல் கிழிந்தால் பொறுப்பு பள்ளியின் தலையில் விழும். அவற்றுக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டியது வெளிக் கேபிள் சோதனை, பிழைச் செய்தியைப் போட்டோ எடுப்பது, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைப் புகாரில் சரியாக எழுதுவது. அந்த எண் தப்பாகப் போவதால்தான் பல புகார்கள் திரும்பி வருகின்றன.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. நான்காம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றாதீர்கள், பின்னால் புதுப்பிப்பு நின்றுவிட்டால் எட்டையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கை 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றி, ராமை 8 ஆக்கி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். வேகத்தில் தெரியும் வித்தியாசம் முக்கால்வாசி எஸ்எஸ்டியால் வருவது, ஆகவே பணம் குறைவென்றால் அதை முதலில் வாங்குங்கள். ராம் வாங்கும் முன் பழைய ராமின் ஸ்டிக்கரைப் படிக்கவும். அந்தத் தலைமுறைக்கு டிடிஆர்3, கடைக்காரர் டிடிஆர்4 கொடுத்தால் பள்ளம் பொருந்தாது. பொருந்தாததை அழுத்திப் பொருத்தப் பார்த்து ஸ்லாட்டை உடைப்பது எட்டாம் வகுப்பில் சகஜம். ஒரு கணினியை முழுதாகச் சரி செய்து குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் இமேஜ் எடுத்துவிட்டால் மற்ற ஏழுக்கும் நகலெடுப்பதுதான் வேலை. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் நல்லது அழிந்துவிடும் என்பதால் அந்த ஒரு திரையில் மட்டும் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

லினக்ஸில் பிள்ளைகள் திணறுவார்கள் என்ற பயம் வேண்டாம். கேரளப் பள்ளிகள் பல வருடங்களாக உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன.

பதிவேடு:

தேர்வுக்கும் கேரளத்தையே பார்க்கலாம். அங்கே கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி அமைப்பில் 8ஆம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள், ஓர் அலகில் 20 முதல் 40 பேர், பொறுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். இரண்டு ஆசிரியர் என்பதைத்தான் நீங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கணினி ஆசிரியர் விடுப்பு எடுத்தால் குழுவே நின்றுவிடக் கூடாது. இயற்பியல் ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மல்டிமீட்டர் அவருக்குப் பழக்கம்.

மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். கேபிள் கழன்ற ஒரு கணினியைக் கொடுத்து, கண்டதை எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் பார்த்ததை வரிசையாக எழுதும் பிள்ளையை எடுங்கள். பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். அப்படி முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால் ஸ்குரூடிரைவர் பையன்கள் கைக்கும் நோட்டு பெண்கள் கைக்கும் போய்விடும். ஆகவே இரண்டு வேலையும் வாரம் ஒருமுறை கைமாற வேண்டும்.

கிரிம்பிங்_மேசை:

விட்டுப்போனவை இரண்டு. புரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்த பிறகு உள்ளே ஃபேன் ஓரிரு நிமிடம் ஓடும், பல்பின் சூடு இறங்க. மணியடித்ததும் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவதால்தான் பல்பு சீக்கிரம் போகிறது. அந்தந்த வகுப்பிலேயே ஒரு பிள்ளைக்கு "ஃபேன் நின்ற பிறகு சுவிட்ச்" என்ற ஒரே வேலையைக் கொடுங்கள். ஃபில்டரில் சாக்பீஸ் தூள் அடையும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி வெளியே தட்ட வேண்டும்.

லேசர் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, இரண்டு கையாலும் பேப்பர் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். மையை உருக்கிப் பேப்பரில் ஒட்டும் ஃபியூசர் 180 டிகிரிக்கு மேல் இருக்கும், கை பட்டால் தோல் வெந்துவிடும். பேப்பரை எடுக்கவே மாட்டேன் என்றால் டிரேக்கு மேலே இருக்கும் ரப்பர் உருளை வழுவழுப்பாகியிருக்கும், ஈரத் துணியால் துடைத்தாலே பிடிக்கும். டோனர் சட்டையில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அந்தத் தூள் உருகித் துணியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது. வெள்ளைச் சட்டைச் சீருடை என்றால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.